இடாப்பு ஏந்திய சீமாட்டி

மே மாதம் 12ஆம் திகதி உலகத் தாதியர் தினம். அன்றைய விழாக்களில் ஏற்றப்படும் விளக்கு யாருடையது என்று எமது கல்லூரியின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளையைக் கேட்டாலும் பதில் வரும். விளக்கேந்திய சீமாட்டி புளோரன்ஸ் நைற்றிங்கேல். நாம் எல்லோரும் அவரை முதலில் அறிந்தது அப்படித்தான். இரவு நேரம், காயம்பட்ட படைவீரரின் கட்டில் வரிசைகளுக்கிடையே கையில் விளக்குடன் நடந்துபோகும் மெலிந்த உருவம்.

மருத்துவமும் தாதியமும் படிக்கப்போன எம்மிற் பலர் அவரை இரண்டாம் முறையும் சந்தித்தோம். இம்முறை அவர் கையில் இருந்தது இடாப்பு. எத்தனை பேர் நோயுற்றார்கள், எத்தனை பேரில் அத்தனை பேர், எவ்வளவு காலத்துக்குள் என்று கேட்கப் பழக்கும் பாடம் ஒன்று எமக்கு உண்டு. தொற்றுநோயியல் என்று அதற்குப் பெயர். அந்தக் கேள்விகளைத் தாதியத்துக்குள் கொண்டுவந்தவர் நைற்றிங்கேல். நூற்றாண்டு மலரில் அவரைப் பற்றி எழுத முன்வந்தது அந்த இரண்டாம் சந்திப்பை எல்லாச் சகோதரிகளோடும் பகிர்ந்துகொள்வதற்காகவே. விளக்கு ஒரு நோயாளியின் முகத்தைக் காட்டும். இடாப்போ, ஒரு விடுதி முழுவதற்கும் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும். இரண்டாவது வெளிச்சத்தில் தெரிபவை சில வேளைகளில் நாம் காண விரும்பாதவையாகவும் இருக்கும்.

கணிதம் கேட்ட மகள்

1820ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், அங்கு தங்கியிருந்த வசதிபடைத்த ஆங்கிலக் குடும்பமொன்றின் இளைய மகளாக அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே பெயராயிற்று. நேப்பிள்ஸில் பிறந்த அக்காவுக்கும் அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பாத்தினோப் என்பதையே வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் குடும்பத்துக்கு இரண்டு பெரிய வீடுகள் இருந்தன. தந்தை வில்லியம் நைற்றிங்கேல் தம் இரு பெண்களுக்கும் இலத்தீன், கிரேக்கம், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். அக்காலத்தில் இது அபூர்வம். ஆனால் புளோரன்ஸ் கணிதம் படிக்கக் கேட்டபோது தாய்க்கு அது பிடிக்கவில்லை. கலியாணம் செய்யப்போகும் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்பது அந்த வீட்டிலும் எழுந்த கேள்விதான். நீண்ட வாதாட்டத்தின் பின்னரே அவருக்குக் கணித ஆசிரியர் கிடைத்தார்.

தாதியாக வேண்டும் என்று சொன்னபோது எழுந்த எதிர்ப்பு இதைவிடப் பெரிது. அன்றைய வைத்தியசாலைகள் ஏழைகள் இறக்கப் போகும் இடங்களாகக் கருதப்பட்டன. அங்கு வேலை பார்த்த பெண்களுக்கு நற்பெயர் இல்லை. 1845இல் சோல்ஸ்பரி வைத்தியசாலையில் பயிற்சி பெற அவர் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. பல ஆண்டுகள் அவர் வீட்டிலிருந்தபடியே அதிகாலையில் எழுந்து, கிடைத்த வைத்தியசாலை அறிக்கைகளையும் சுகாதார அறிக்கைகளையும் படித்துக் குறிப்பெடுத்தார். நீண்டகாலம் தம்மை விரும்பிய ஒருவரைத் திருமணம் செய்யவும் மறுத்தார். 1851இல் ஜேர்மனியிலுள்ள கைசர்ஸ்வேர்த் நிலையத்தில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டனில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 33.

அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் லண்டன் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவியது. மிடில்செக்ஸ் வைத்தியசாலைக்கு வந்து குவிந்த நோயாளிகளைப் பராமரிக்க அவரும் சென்றார். அதே நாட்களில், அதே பகுதித் தெருக்களில், ஜோன் ஸ்நோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, புறோட் வீதியின் தண்ணீர்ப் பம்பியே மூலம் என்று கண்டுகொண்டிருந்தார். செப்ரெம்பர் 8ஆம் திகதி அந்தப் பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. ஒருவர் கட்டிலருகிலும் மற்றவர் தெருவிலுமாக ஒரே கொள்ளைநோயை எதிர்கொண்டனர். தொற்றுநோயியல் மாணவர்கள் இன்றும் இவ்விருவரையும் அடுத்தடுத்தே படிக்கிறார்கள்.

ஸ்கூற்றாரி

1854 ஒக்ரோபரில் கிரைமியப் போர்க்களத்திலிருந்து லண்டன் பத்திரிகைகளுக்கு வந்த செய்திகள் நாட்டையே உலுக்கின. காயம்பட்ட வீரர்கள் பராமரிப்பின்றி இறந்துகொண்டிருந்தார்கள். போர்த்துறைச் செயலாளராக இருந்த நண்பர் சிட்னி ஹேர்பேட்டின் வேண்டுகோளின்படி, கன்னியாஸ்திரீகளும் வைத்தியசாலைத் தாதியருமாக 38 பெண்களை அழைத்துக்கொண்டு நைற்றிங்கேல் புறப்பட்டார். நவம்பர் 4ஆம் திகதி, கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூற்றாரியின் படைமுகாம் வைத்தியசாலையை அவர்கள் அடைந்தார்கள். மறுநாள் இன்கர்மன் சமர். காயப்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள்.

அங்கு அவர் செய்தவை நாம் பள்ளியில் படித்தவைதான். ஆரம்பத்தில் படை வைத்தியர்கள் அப்பெண்களை விடுதிகளுக்குள் விடவே தயங்கினார்கள். அவர் பொறுமையாக இருந்தார். பொதுமக்கள் சேர்த்த நிதியைக் கொண்டு துணி, சவர்க்காரம், பாத்திரம், உணவு என்று வாங்கினார். சலவைக்கும் சமையலுக்கும் ஒழுங்கு செய்தார். இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குத் தம் கையால் கடிதம் எழுதினார். இரவு நேர விளக்கும் உண்மையே.

ஆனால் பள்ளிப் பாடத்தில் இடம்பெறாத ஒன்று உண்டு. அவர் வந்த பின்னரும் இறப்புகள் குறையவில்லை, கூடின. அந்த முதற் குளிர்காலத்தில் மட்டும் ஸ்கூற்றாரியில் 4,000க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் காயத்தால் இறக்கவில்லை. வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், வாந்திபேதி என்பனவே அவர்களைக் கொன்றன. அந்தப் பெரிய கட்டடத்தின் கீழே அடைபட்ட கழிவு வாய்க்கால்கள் நாறிக்கொண்டிருந்தன. தண்ணீர் மாசுற்றிருந்தது. காற்றோட்டம் இல்லை.

1855 மார்ச்சில், லண்டனிலிருந்து வைத்தியர் ஜோன் சதர்லாந்து முதலியோர் அடங்கிய சுகாதார ஆணைக்குழு வந்தது. வாய்க்கால்கள் கழுவப்பட்டன. குப்பை வண்டி வண்டியாக அகற்றப்பட்டது. இறந்த விலங்குகள் புதைக்கப்பட்டன. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. கூரையில் காற்றுவழிகள் திறக்கப்பட்டன. பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42.7 ஆக இருந்த இறப்பு, யூன் மாதத்தில் 2.2 ஆகக் குறைந்தது.

தொகுதியும் பகுதியும்

1856 ஓகஸ்டில், தாமும் கடும் காய்ச்சலில் விழுந்து எழுந்த உடம்போடு அவர் நாடு திரும்பினார். வரவேற்புகளை ஒதுக்கினார். ஏன் இத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. முதலில் அவர் உணவுக் குறைவையும் விநியோகச் சீர்கேட்டையும், வீரர்கள் குற்றுயிராக வந்து சேர்ந்ததையுமே காரணமாக எண்ணியிருந்தார். இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிபரவியலாளருடன் சேர்ந்து பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தபோதே வைத்தியசாலையின் சுகாதாரக்கேடு எவ்வளவு பெரிய கொலைகாரனாக இருந்தது என்பது தெளிவாயிற்று. நோயாளரைக் காப்பாற்றவென்று தாம் இரவு பகலாக நின்ற கட்டடமே அவர்களைக் கொன்றிருக்கிறது. அந்த முடிவை அவர் மறைக்கவில்லை. அதை நிறுவுவதையே அடுத்த வேலையாக எடுத்துக்கொண்டார்.

அந்த வேலை எளிதாக இருக்கவில்லை. இறந்தோர் எண்ணிக்கையைப் பற்றிப் படையின் வெவ்வேறு பதிவேடுகள் வெவ்வேறு கணக்கைச் சொல்லின. நோய்களுக்கு ஒரே பெயர் இல்லை. இவற்றை ஒழுங்காக்கி அவர்கள் தயாரித்த அட்டவணைகளிலிருந்து ஒரேயொரு வரியை எடுத்துப் பார்ப்போம். கணிதத்தைக் கண்டு ஓடியவர்களும் சற்று நில்லுங்கள். இதற்குப் பத்தாம் வகுப்புப் பின்னம் போதும்.

1855 சனவரியில் கிழக்கிலிருந்த பிரித்தானியப் படையின் சராசரித் தொகை 32,393. அந்த ஒரு மாதத்தில் தொற்று வகையைச் சேர்ந்த நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். காயங்களால் இறந்தவர்கள் 83 பேர். 2,761 என்பது தொகுதி எண், 32,393 என்பது பகுதி எண். பிரித்து, ஓராண்டு இதே வேகத்தில் போனால் என்ன ஆகும் என்று அறிய 12ஆற் பெருக்கினால், ஆயிரம் பேருக்கு 1,022.8 என்று வரும். அதாவது, புதியவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தாலன்றி, எதிரி ஒரு குண்டும் சுடாமலே ஓராண்டில் முழுப்படையும் இல்லாமற் போய்விடும்.

அடுத்த ஆண்டு சனவரியைப் பாருங்கள். படைத்தொகை 44,212. அதே வகை நோய்களால் இறந்தவர்கள் 42 பேர். ஆயிரத்துக்கு 11.4. சனவரியைச் சனவரியோடு ஒப்பிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. குளிர்காலத்தைக் கோடையோடு ஒப்பிட்டால், குறைவுக்குக் காரணம் துப்புரவா, பருவமா என்ற சந்தேகம் எழும். அப்படியும் எல்லாச் சந்தேகமும் தீர்ந்துவிடாது. அந்த ஓராண்டில் உணவும் உடையும் மேம்பட்டிருந்தன, கடும் சமர்களும் முடிந்திருந்தன. ஆணைக்குழு வருமுன்னரே இறப்புகள் குறையத் தொடங்கியதும் அதே அட்டவணையில் தெரிகிறது. ஒரு மாற்றத்தைக் கண்டவுடன் வேறென்ன மாறியது என்று தேடுவது எமது துறையில் முதலிற் பழகும் ஒழுக்கம். அதற்கு இடம்கொடுக்கும் வகையில் மாதம் மாதமாக, காரணம் காரணமாகப் பதிந்து வைத்தது அவர்களுடைய நேர்மை.

நிறம் தீட்டிய எண்கள்

அட்டவணைகளை அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே 1858இல் அந்த எண்களை வரைபாக்கினார். ஒரு வட்டம் பன்னிரண்டு மாதங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு மாதத்துக்கும் மையத்திலிருந்து விரியும் மூன்று நிறப் பரப்புகள். தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்கு நீலம், காயங்களுக்குச் சிவப்பு, ஏனையவற்றுக்குக் கறுப்பு. பார்த்தவுடன் நீலம் எல்லாவற்றையும் விழுங்கி நிற்பது தெரியும். முதலில் அவர் மையத்திலிருந்து செல்லும் கோட்டின் நீளத்தால் இறப்பைக் காட்டியிருந்தார். அப்படி வரைந்தால் பெரிய மாதங்கள் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும் என்று கண்டபின், பரப்பளவே இறப்பின் அளவைக் காட்டுமாறு மாற்றி வரைந்தார். தம் கட்சிக்குச் சாதகமான மிகைப்படுத்தலைத் தாமே திருத்திக்கொண்டார் என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும்.

போர்க்காலத்தோடு அவர் நிறுத்தவில்லை. அமைதிக்காலத்தில் இங்கிலாந்திலேயே முகாம்களில் வாழ்ந்த இளம் வீரர்களின் இறப்பு வீதத்தை அதே வயதுடைய குடிமக்களின் வீதத்தோடு ஒப்பிட்டார். வீரர்களின் வீதம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. உடல்நலம் பார்த்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அதிகம் இறப்பதானால், பிழை அவர்கள் உடம்பில் இருக்கமுடியாது. அது அவர்கள் படுக்கும் இடத்தில் இருக்கவேண்டும். அவருடைய உழைப்பின் பேறாக அமைந்த அரச ஆணைக்குழுவைத் தொடர்ந்து முகாம்கள் திருத்தப்பட்டன. படை மருத்துவக் கல்லூரியும் படைக்கான சுகாதாரப் புள்ளிவிபர ஒழுங்கும் உருவாயின. 1858இல் லண்டன் புள்ளிவிபரவியற் சங்கம் அவரை உறுப்பினராகத் தெரிந்தது. அங்கு இடம்பெற்ற முதற் பெண் அவரே. இவையெல்லாம் நடந்தது அவர் பெரும்பாலும் படுக்கையிலிருந்த காலத்தில். கிரைமியாவில் பிடித்த காய்ச்சலின் தொடர்ச்சியாக 1857 முதல் நீண்டகாலம் அவர் அறையைவிட்டு வெளியே வந்தது குறைவு. அமைச்சர்கள் அவரிடம் வந்தார்கள், அல்லது அவருடைய கடிதங்கள் அவர்களிடம் போயின.

1860இல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மகாநாட்டில், எல்லா வைத்தியசாலைகளும் ஒரே படிவத்தில் நோயாளரைப் பதியவேண்டும் என்ற அவரது திட்டம் முன்வைக்கப்பட்டது. லண்டனின் சில வைத்தியசாலைகள் அதைப் பரீட்சித்துப் பார்த்தன. ஆனால் அது நிலைக்கவில்லை. 1861ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் நோயுற்றோர் பற்றியும் வீடுகளின் நிலை பற்றியும் கேட்கவேண்டும் என்று அவர் விடுத்த கோரிக்கையையும் அரசு ஏற்கவில்லை. மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியாமல் ஏன் இறக்கிறார்கள் என்று எப்படி அறிவது என்பதே அவரது வாதம்.

பிழைத்த கணக்கு

அவரும் பிழைத்தார். அதையும் சொல்லாமல் விட்டால் எமது கதை வெறும் புகழாரமாகிவிடும். வைத்தியசாலைகள் பற்றிய தம் நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில், லண்டன் வைத்தியசாலைகளின் இறப்பு நூற்றுக்கு 90ஐத் தாண்டியதாகக் காட்டும் ஓர் அட்டவணையை ஃபாரிடமிருந்து பெற்றுச் சேர்த்தார். வைத்திய உலகம் கொதித்தெழுந்தது. அந்தக் கணக்கில் ஓர் ஆண்டின் இறப்புகள் தொகுதியில் இருந்தன. பகுதியிலோ குறித்த ஒரு நாளில் கட்டிலில் இருந்தவர்கள் மட்டுமே இருந்தார்கள். ஒரே கட்டிலில் ஓராண்டில் பலர் வந்து படுத்துக் குணமாகிப் போகிறார்கள். அவர்கள் எல்லோரையும் பகுதியிற் சேர்த்தால் இறப்பு வீதம் வெகுவாகக் குறையும். எதனாற் பிரிக்கிறோம் என்பதில் உயிர் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. எமது துறை மாணவர்களுக்கு அது இன்றும் சொல்லப்படுகிறது.

இன்னொன்று, நோய் எப்படிப் பரவுகிறது என்பது. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அக்காலத்தவர் பலரைப் போல அவரும் நம்பினார். ஜோன் ஸ்நோ தண்ணீரைக் காட்டியபோதும் அவர் நீண்டகாலம் அசையவில்லை. 1880களிலேயே கிருமிநீக்கும் முறைகள் அவருடைய எழுத்தில் இடம்பிடித்தன. ஆயினும் காரணத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டபோதும் வாய்க்காலைத் துப்புரவாக்கு, தண்ணீரைச் சுத்தமாக்கு, சன்னலைத் திற, கையைக் கழுவு என்று அவர் சொன்னவை உயிர்காத்தன. எந்த வேலை பலன் தருகிறது என்பதைக் கோட்பாட்டிடம் மட்டும் கேளாமல் எண்ணிக்கையிடமும் கேட்டதனாற்றான் அது முடிந்தது.

தாம் தொடங்கியதைத் தாமே மூடியது

அவருடைய வாழ்வில் எம்மை அதிகம் நிறுத்தி வைப்பது, பலர் அறியாத ஒரு நிகழ்வு. 1860இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவரது பெயரிலான தாதியர் பாடசாலை தொடங்கியது. அதையடுத்து, மக்கள் அவருக்கென்று வழங்கிய அதே நிதியைக்கொண்டு கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் ஒரு பிரசவ விடுதியும் அமைக்கப்பட்டது. கிராமங்களுக்குச் சென்று ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சிகளைப் பயிற்றுவது நோக்கம். நல்ல நோக்கம், நல்ல விடுதி, பயிற்றப்பட்ட பெண்கள்.

அங்கே தாய்மார் பிரசவக் காய்ச்சலால் இறக்கத் தொடங்கினார்கள். கணக்கெடுத்தபோது, வீட்டிற் பிரசவித்த பெண்களைவிட அங்கு பிரசவித்தவர்கள் பலமடங்கு அதிகமாக இறப்பது தெரிந்தது. 1867இல் விடுதி மூடப்பட்டது. அத்தோடு விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பிரசவ நிலையங்களின் எண்ணிக்கைகளைத் திரட்டி, சதர்லாந்தின் துணையோடு 1871இல் ஒரு நூலாக வெளியிட்டார். பல தாய்மாரை ஒரே கூரையின் கீழ் அடைப்பதும், பிரேதப் பரிசோதனைக் கூடங்களிலிருந்து மருத்துவ மாணவர்கள் பிரசவ விடுதிக்கு வந்துபோவதும் அந்நூலில் ஆராயப்படுகின்றன. சிக்கலான பிரசவங்களே வைத்தியசாலைக்கு வருவதால் அங்கு இறப்பு அதிகமாகத் தோன்றலாமே என்ற மறுப்பையும் அவர் எடைபோட்டார். தாம் கட்டிய விடுதியின் இறப்புகளையும் மற்றவற்றோடு ஒரே அட்டவணையில் வைத்தார்.

இன்று நிலைமை வேறு. கைகழுவும் ஒழுக்கமும் நுண்ணுயிர்கொல்லி மருந்தும் இரத்த வங்கியும் வந்தபின் வைத்தியசாலைப் பிரசவமே பாதுகாப்பானது. இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையிலேயே பிறக்கிறார்கள். ஆனால் அவர் காட்டிய வழி மாறவில்லை. எமது நாட்டில் நிகழும் ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு, தனித்தனியாக விசாரிக்கப்படுகிறது. அந்தக் கூட்டங்களில் இருந்த எம்மவர்களுக்கு அதன் கனம் தெரியும். மேசையில் இருப்பது ஒரு கோப்பு. அதற்குள் இருப்பவர் நாம் பார்த்த தாய், சில வேளை எமது விடுதியில் இருந்த தாய். யாரைக் குற்றஞ்சாட்டலாம் என்று தேடினால் கோப்பு பொய் சொல்லத் தொடங்கும். அடுத்த தாயை எப்படிக் காப்பது என்று தேடினால் அது உண்மை பேசும்.

எமது தீவின் பள்ளிக்கூடங்கள்

1863இல் அவர் வெளியிட்ட இன்னொரு நூல் எமக்கு நெருங்கியது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் பள்ளிக்கூடங்களிலும் வைத்தியசாலைகளிலும் சுதேசிகள் எந்த அளவில் நோயுற்று இறக்கிறார்கள் என்று அறிய, குடியேற்ற நாட்டுக் காரியாலயத்தின் மூலம் அவர் படிவங்களை அனுப்பினார். இலங்கை, அவுஸ்திரேலியா, நேட்டால், ஆபிரிக்காவின் மேற்குக் கரை, வட அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து பதில்கள் வந்தன. எமது கொள்ளுப்பாட்டிகளின் தலைமுறைப் பிள்ளைகள் அவருடைய அட்டவணையில் எண்களாக நிற்கிறார்கள்.

அந்த நூலை நாம் முழுமனதோடு ஏற்கமுடியாது. சுதேசிகளை நாகரிகப்படுத்துவது என்ற ஆட்சியாளர் பார்வை அதில் உண்டு. வந்த பதிவுகளும் பல இடங்களிற் குறைபாடானவை. ஆயினும், பள்ளிக்கூடம் பிள்ளையின் உடம்பை என்ன செய்கிறது என்று, கண்ணாற் காணாத நாடுகளின் பிள்ளைகளைப் பற்றி அவர் கேட்டார். இந்தியாவுக்கும் அவர் ஒருநாளும் போகவில்லை. ஆனால் அங்குள்ள படைமுகாம்கள் எல்லாவற்றுக்கும் படிவம் அனுப்பி, ஆயிரத்துக்கு 69 ஆக இருந்த பிரித்தானிய வீரர்களின் இறப்பு வீதத்தை வெளிக்கொணர்ந்தார். 1873இல் அது 18 ஆகக் குறைந்திருந்தது. சுற்றியுள்ள கிராமம் நோயுற்றிருக்கும்போது முகாம் மட்டும் நலமாக இருக்கமுடியாது என்று அதன் வழியே உணர்ந்தவர், பின்னர் சென்னை மாகாணப் பஞ்சத்தைப் பற்றியும் நீர்ப்பாசனத்தைப் பற்றியும் எழுதினார்.

கட்டிலிலிருந்து வீட்டுப்படிக்கு

நோயாளியைப் பார்க்கும் தாதி ஒருவர், நலமாயிருப்போரை நலமாக வைத்திருக்கும் தாதி இன்னொருவர் என்று அவர் தெளிவாகப் பிரித்தார். லிவர்ப்பூலில் வில்லியம் றத்போன் ஏழைகளின் வீடுகளுக்குத் தாதியரை அனுப்பும் முயற்சியைத் தொடங்கியபோது அவருக்கு ஆலோசகராக நின்றார். 1892இல், தம் 72ஆம் வயதில், பக்கிங்ஹாம்ஷயரில் கிராமப் பெண்களைப் பயிற்றி வீடுவீடாக அனுப்பும் ஒழுங்கொன்றை முன்னின்று தொடக்கினார். தண்ணீர், கழிவு, குழந்தைக்கு உணவு, காற்றோட்டம் என்பவற்றைத் தாய்மாரோடு இருந்து பேசுவது அப்பெண்களின் வேலை. அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க்கில் லிலியன் வோல்ட் ஏழைகளின் மாடிவீடுகளுக்குள் நுழைந்து, பொதுச் சுகாதாரத் தாதி என்ற பெயருக்கே வடிவம் கொடுத்தார்.

எமது நாட்டில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒழுங்கு. மழையிலும் வெயிலிலும் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வரும் குடும்பநல உத்தியோகத்தரை, நாம் மருத்துவிச்சி அம்மா என்று அழைத்தவரை, நினைத்துப் பாருங்கள். அவருடைய பையிலும் ஓர் இடாப்பு இருக்கும். தன் பிரிவில் எத்தனை வீடுகள், எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை பிள்ளைகளுக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். வைத்தியசாலையில் இருக்கும் வைத்தியருக்கு வந்த நோயாளிகள் மட்டுமே தெரியும். வராதவர்களை அறிந்தவர் அவர்தான். பகுதி எண் அவருடைய கையிலேயே இருக்கிறது.

பகுதி எண் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை எமது தலைமுறைக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஓர் இடத்தில் இருக்கும் சனத்தொகையைக் குறைத்துச் சொன்னால் அரிசியும் குறைந்தே வரும், மருந்தும் குறைந்தே வரும். எண்ணப்படாதவருக்கு எதுவும் ஒதுக்கப்படுவதில்லை.

இறுதிக்காலம்

1891இல், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சமூகப் பிரச்சினைகளைப் புள்ளிவிபரத்தால் ஆராயும் பேராசிரியர் பதவியொன்றை ஏற்படுத்த அவர் முயன்றார். அது கைகூடவில்லை. 1907இல் பிரித்தானியாவின் உயர் விருதான ஓடர் ஒவ் மெரிட் அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதற் பெண் அவரே. அப்போது கண்பார்வை போய், நினைவும் மங்கியிருந்தது. 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 90ஆம் வயதில், லண்டனில் காலமானார். வெஸ்மினிஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் செய்யும் வாய்ப்பைக் குடும்பத்தினர் ஏற்கவில்லை. ஹம்ப்ஷயரில் ஈஸ்ட் வெலோ என்ற கிராமத்தில், பெற்றோருக்கு அருகில் அவர் உறங்குகிறார். கல்லறையில் அவருக்கென்று பொறிக்கப்பட்டிருப்பவை பெயரின் முதலெழுத்துகளும் பிறப்பு, இறப்பு விபரமும் மட்டுமே.

எமது கல்லூரியிலிருந்து எத்தனையோ பேர் தாதியராயினர். பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரிகளாகவும், மருத்துவிச்சிகளாகவும், வைத்தியர்களாகவும் ஆனவர்கள் உண்டு. கொழும்பிலும் கிளிநொச்சியிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் அவர்கள் இரவுக்கடமை பார்க்கிறார்கள். நேரமில்லாத வேளையிலும் படிவம் நிரப்பச் சொல்கிறார்களே என்ற அலுப்பு அவர்கள் எல்லோருக்கும் பொது. எமக்கும் அது உண்டு. அப்படியான ஒரு வேளையில், சனவரி மாதத்து அந்த 2,761 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களைக் காப்பாற்ற அந்த இடாப்பால் முடியவில்லை. அவர்களுக்குப் பின் வந்தவர்களைக் காப்பாற்ற அதனால் முடிந்தது.

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவிச்சி அம்மா படலையைத் திறந்து வந்து, வீட்டில் எத்தனை பேர், பிள்ளைக்கு என்ன வயது, ஊசி போட்டாயிற்றா என்று கேட்கும்போது, அவசரமாகப் பதில் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஒரு கதிரையைப் போட்டு, ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, சரியான விபரத்தைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிற்குப் புதிதாகக் குடிவந்த கர்ப்பிணியைப் பற்றியும் சொல்லுங்கள்.